கூட்டுப் பட்டாவை யார் விற்க முடியும்?

(பரங்கிப்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

  

கைமாறுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. போர்ச்சுகீசியர் வந்து போர்ட்டோ நோவோ என்றார்கள், புதிய துறைமுகம் என்று பொருள். நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்றார்கள். டச்சுக்காரர் வந்தார்கள், டேனிஷ்காரர் வந்தார்கள், பிறகு ஆங்கிலேயர். 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இந்த மணலில்தான் மோதின. ஒவ்வொரு முறையும் பண்டகசாலையின் சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. ஆனால் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அலை எப்போது தணியும், படகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்கிற அறிவு இருக்கிறதே, அது கைமாறியதா? எந்தக் கொடி பறந்தாலும் அது படகோட்டியிடம்தான் இருந்தது.

இன்றைக்கு என் தலைப்பு இதுதான். ஊர் ஊராக, நாடு நாடாக, ஆயிரம் பேர் சேர்ந்து எழுதிய மென்பொருளை ஒரு பெரிய கம்பெனி விலைக்கு வாங்கினால் அதை எழுதியவர்கள் கதி என்ன? நம்பிப் பயன்படுத்துகிறவர்கள் கதி என்ன? வாங்கியவர் கையில் உண்மையில் வந்து சேர்வது என்ன?

முதலில் இந்த ஊரின் இரும்புக் கதையைச் சொல்கிறேன். ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு வெள்ளைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். 1830-இல் இங்கே இரும்பு உருக்காலை தொடங்கினார். சேலத்துப் பக்கத்து இரும்புத் தாதுவை நம்பித் தொடங்கிய ஆலை. ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையையும் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொண்டார். நம் கொல்லர்கள் சின்னச் சின்ன மண் உலைகளில் எஃகு காய்ச்சும் முறையை அருகில் நின்று பார்த்து, அதைப் பற்றி எழுதவும் செய்தார். பிறகு இங்கிலாந்து போய், 1839-இல், எஃகோடு மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அவர் சொன்ன மாங்கனீசு-கரிச் சேர்மத்தை அப்படியே போடாமல், மாங்கனீசையும் கரியையும் தனித்தனியாகப் போட்டு அதே எஃகை எடுத்துவிட்டார்கள். வழி சொல்லிக்கொடுத்தது அவருடைய பழைய முகவரே. ஹீத் வழக்குப் போட்டார். வழக்கு ஆண்டுக்கணக்காக இழுத்தது. தீர்ப்பு முடிவதற்குள் 1851-இல் அவரே இறந்துபோனார். இங்கே பரங்கிப்பேட்டை ஆலையும் தொடர்ந்து நட்டப்பட்டு, கடைசியில் அணைந்தது.

கொல்லர்களின் அறிவை ஹீத் திருடினார் என்று நான் சொல்ல வரவில்லை. மாங்கனீசு யோசனை அவருடையதுதான். நான் கேட்பது வேறு. தனியுரிமை வாங்கியவர் பெயர் நமக்குத் தெரிகிறது. உலை ஊதிய ஒரு கொல்லர் பெயராவது தெரியுமா? அந்த அறிவு ஊருக்குப் பொது என்று ஒரு சீட்டாவது எழுதப்பட்டிருந்ததா? இல்லை. கொல்லருக்கும் இல்லை, கொல்லர் பிள்ளைக்கும் இல்லை. இறக்குமதி இரும்பு வந்ததும் உலை அணைந்தது, அறிவும் அதோடு போனது.

கட்டற்ற மென்பொருள் என்பது அந்தச் சீட்டை எழுதிவைத்த ஏற்பாடு. 1989-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய பொது உரிமம் என்ன சொல்கிறது? நீ பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமைகளை வாங்குபவருக்கும் கொடுத்தாக வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள் ஒரு பெரிய பூட்டு இருக்கிறது. பின்னால் வரும் முதலாளி ஏற்கெனவே வெளியே போன நிரலைத் திரும்ப வாங்கி உள்ளே பூட்ட முடியாது.

பூட்ட முடிந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். எந்த ஊர்க் கச்சேரித் தெருவிலும் ஒரு டிடிபி கடை இருக்கும், அங்கே போனால் போதும். நானே ஆறு வருஷம் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்தவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, நினைவஞ்சலி, ஜமாஅத் அறிக்கை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரில்தான். ஆல்டஸ் என்கிற கம்பெனி 1985-இல் கொண்டுவந்த மென்பொருள் அது. 1994-இல் அடோபி ஆல்டஸை வாங்கியது. 2001-இல் ஏழாம் பதிப்பு வந்தது. அதோடு சரி, எட்டாம் பதிப்பு வரவே இல்லை. அடோபியிடம் இன்டிசைன் என்று சொந்தச் சரக்கு இருந்தது. பழையதை வளர்க்க அவர்களுக்கு என்ன தேவை?

நம் கடைக்காரர் என்ன செய்தார்? யூனிகோடு தெரியாத அந்த ஏழாம் பதிப்பையே இருபது வருஷம் வைத்து ஓட்டினார். பழைய விண்டோஸ், பழைய எழுத்துரு, பழைய கணினி. கணினி பழுதானால் பழைய பலகை தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்கு ஓட்டம். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறிமுறை. எழுத்துரு தொலைந்தால் தமிழ் தொலைந்தது. நான் 1999-இல் அடித்த ஓர் ஊர் மலரைச் சில வருஷம் முன்பு திறந்தேன். எண்பது பக்கமும் ஆங்கில எழுத்துகள் கோழி கிண்டிய மாதிரி. எழுத்துரு விற்ற கடை எப்போதோ மூடிவிட்டது. நிரல் இருந்தால் எங்காவது ஒரு பையன் உட்கார்ந்து பேஜ்மேக்கரை யூனிகோடுக்கு மாற்றியிருப்பான். நிரல் யாரிடம்? வாங்கியவரிடம். அவருக்கு அது வேண்டாம். ஆனால் நமக்கும் தரமாட்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதையைக் கேளுங்கள்.

ஜெர்மனியில் மார்கோ போரிஸ் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் 1980-களின் நடுவில் ஸ்டார் டிவிஷன் என்று ஒரு கம்பெனி தொடங்கினான். கடிதம் எழுத, கணக்குப் போட ஸ்டார் ஆபீஸ் என்று ஒரு தொகுப்பு செய்தான். 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கியது. வாங்கியவர் 2000-இல் நிரலைத் திறந்துவிட்டார். ஓபன்ஆபீஸ் பிறந்தது. உலகம் முழுவதும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். தமிழிலும் வந்தது. கோப்பு, தொகு, நுழை என்று தமிழில் பட்டி பார்த்த முதல் நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பத்து வருஷம் போனது. சன்னை ஆரக்கிள் வாங்கியது, ஏறத்தாழ 740 கோடி டாலருக்கு. 2010 ஜனவரியில் சாவி கைமாறியது. ஆரக்கிள் தரவுத்தள வியாபாரி. காசு வராத கடிதம் எழுதும் மென்பொருளில் அவருக்கு என்ன அக்கறை? ஓபன்சோலாரிஸ் என்கிற இயங்குதளத்தை அந்த ஆண்டே கைவிட்டார்கள். ஓபன்ஆபீஸ்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது.

அவர்கள் கண்ணீர் வடித்துக்கொண்டு உட்காரவில்லை. 2010 செப்டம்பர் 28-ஆம் தேதி தனிக்குடித்தனம் போனார்கள்! ஆவண அறக்கட்டளை என்று ஓர் அமைப்பு. பழைய பெயரை எங்களுக்கே தாருங்கள், நீங்களும் வந்து சேருங்கள் என்று ஆரக்கிளைக் கேட்டார்கள். ஆரக்கிள் தரவில்லை. தனிக்குடித்தனத்தில் சேர்ந்தவர்களைப் பழைய நிர்வாகக் குழுவிலிருந்து விலகச் சொன்னது. சரி, பெயர் உங்களுக்கு, நிரல் எல்லாருக்கும் என்று லிப்ரேஆபீஸ் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். அறக்கட்டளையைப் பதிவுசெய்ய மூலதனம் 50,000 யூரோ வேண்டும். 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் துண்டு ஏந்தினார்கள். எத்தனை நாளில் சேர்ந்தது தெரியுமா? எட்டு நாளில்!

ஆரக்கிள் என்ன செய்தது? 2011 ஜூனில் ஓபன்ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டது. ஓபன்ஆபீஸ் இன்றும் இருக்கிறது. 2014-இல் 4.1 வந்தது, இன்றும் 4.1-லேயே புள்ளிக்குப் பின்னால் எண் கூடிக்கொண்டிருக்கிறது. வேலை நடக்கும் வீடு லிப்ரேஆபீஸ். பேஜ்மேக்கருக்கும் ஓபன்ஆபீஸுக்கும் என்ன வேறுபாடு? இரண்டையும் பெரிய கம்பெனிதான் வாங்கியது. இரண்டையும் வாங்கியவர் கவனிக்கவில்லை. ஒன்றில் ஆட்கள் வெளியேறி வாழ வழி இருந்தது. மற்றதில் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் இருபது வருஷ வேறுபாடு.

சன்னோடு சேர்ந்து போன இன்னொரு பொருள் மைஎஸ்கியூஎல். 2008-இல் 100 கோடி டாலருக்குச் சன் வாங்கிய தரவுத்தளம். பின்லாந்துக்காரர் மான்டி வைடேனியஸ் தன் மூத்த மகள் மை பெயரை அதற்கு வைத்திருந்தார். ஆரக்கிள் கைக்கு அது போகிறது என்றதும் அதே நிரலிலிருந்து கிளை பிரித்து இளைய மகள் மரியா பெயரில் மரியாடிபி செய்தார். 2013-இல் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்கள் வாசிக்கும் கட்டுரையும் அதில்தான். இங்கே ஒரு சின்னக் குறுக்குச் சொல். மைஎஸ்கியூஎல்லை முதலில் சன்னுக்கு விற்றபோது பணம் வாங்கியவர்களில் வைடேனியஸும் ஒருவர். மகளைக் கட்டிக்கொடுத்துப் பரிசம் வாங்கியபிறகு, மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டினால் ஊர் கொஞ்சம் சிரிக்கத்தான் செய்யும். மரியாடிபி பெயரில் நடந்த கம்பெனியும் பங்குச் சந்தைக்குப் போய்த் தடுமாறி, 2024-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விலைபோனது. மரியாடிபி அறக்கட்டளை அந்தக் கம்பெனியிலிருந்து தனியாக இருந்ததால் நிரல் பிழைத்தது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நிலம் வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். தனிப்பட்டா நிலத்தை உரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் விற்றுவிடலாம். கூட்டுப் பட்டா? அண்ணன் தம்பி, அத்தை, துபாயில் இருக்கும் சித்தப்பா மகன், எல்லாரும் வந்து ஒப்ப வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் ஒரு கூட்டுப் பட்டா. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியது, அவரவர் எழுதிய வரிக்கு அவரவர் உரிமையாளர். யார் நினைத்தாலும் அதை மொத்தமாக விற்க முடியாது, உரிமத்தை மாற்றவும் முடியாது. ஆனால் மைஎஸ்கியூஎல் அப்படியில்லை. நிரலின் உரிமை கம்பெனி பெயரில் இருந்தது. வெளியிலிருந்து நிரல் கொடுத்தவர்கள் உரிமையை எழுதிக்கொடுத்திருந்தார்கள். நம் பாஷையில் சொன்னால், பவர் எழுதிக்கொடுத்தாகிவிட்டது. பவர் கொடுத்தபின் பத்திர ஆபீஸ் வாசலில் நின்று அழுது என்ன பயன்?

இங்கே இருக்கும் கணினி மாணவர்களே, நீங்கள் நாளைக்கு ஏதாவது ஒரு திட்டத்துக்கு நிரல் கொடுக்கப் போகிறீர்கள். ஒப்பந்தம் ஒன்று திரையில் வரும், ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும். அழுத்துவதற்கு முன் படியுங்கள். எழுதிக்கொடுப்பது உரிமமா, உரிமையா? ஒரு மாத்திரை வேறுபாடுகூட இல்லை தம்பி, சொல்லின் வால்தான் வேறு. வீட்டை வாடகைக்கு விடுவதற்கும் விற்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சி. உமாசங்கர் அரசின் மின்னணுக் கழகமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சூசே லினக்ஸைக் கொண்டுவந்தார். அதன் சின்னம் ஒரு பச்சோந்தி. பச்சோந்தி நிறம் மாறவில்லை, முதலாளிதான் மாறிக்கொண்டே இருந்தார். அப்போது நோவெல், 2011-இல் அட்டாச்மேட், 2014-இல் மைக்ரோ போகஸ், 2019-இல் ஈக்யூடி. இத்தனை கைமாறியும் சூசே சாகவில்லை. ஆனால் இங்கே? அதிகாரி மாறினார், ஆர்வம் தணிந்தது. சூசேக்கு முதலாளி மாறியதால் தமிழ்நாட்டில் லினக்ஸ் தளரவில்லை. இங்கே ஒருவரை நம்பி நின்றதால் தளர்ந்தது. கேரளத்தில் பள்ளி ஆசிரியர்களே கற்று, ஆசிரியர்களே பராமரித்தார்கள். இன்றும் அங்கே பள்ளிக்கூடங்களில் அது ஓடுகிறது.

லினக்ஸ் கம்பெனியான ரெட்ஹேட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு 2019-இல் வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் இலவச இரட்டைப் பிள்ளை சென்ட்ஓஎஸ். எட்டாம் பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு என்று நம்பிச் சர்வர்களில் ஏற்றியிருந்தார்கள். 2020 டிசம்பர் 8-ஆம் தேதி, அடுத்த ஆண்டு கடைசியோடு சரி என்று அறிவிப்பு வந்தது. சென்ட்ஓஎஸ் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் உடனே புது வீடு கட்டினார். மறைந்துபோன பழைய கூட்டாளி ராக்கி மெகாவ் நினைவாக ராக்கி லினக்ஸ் என்று பெயர் வைத்தார். அல்மாலினக்ஸ் என்று இன்னொரு வீடும் எழுந்தது. கொடுத்த வாக்கை மீறியது தவறு. நான் அதற்குச் சப்பைக்கட்டு கட்டமாட்டேன். ஆனால் வாக்கை நம்பி நின்றவர்களைக் காப்பாற்றியது வேறொரு வாக்கு அல்ல, உரிமம்.

இதுவரை பெரும்பாலும் வாங்கினவர் கைவிட்ட கதைகளாகவே சொல்லிவிட்டேன். சன்னைப் போல வாங்கினவர் பூட்டைத் திறந்த கதை இன்னொன்றும் உண்டு. அது நம் தமிழோடு ஒட்டிய கதை.

இணையத்தில் தமிழ் தட்டத் தொடங்கிய காலத்தில் எ-கலப்பை என்று ஒன்று வந்தது. பெயரைப் பாருங்கள், மின்கலப்பை! முகுந்தராஜும் தமிழா குழுவினரும் ஊதியம் வாங்காமல் செய்தது. அம்மா என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் அம்மா என்று தமிழில் விழும். எத்தனை எழுத்தாளர்களுக்கு அதுதான் முதல் கலப்பை! ஆனால் அந்தக் கலப்பையின் கொழு நம்முடையது அல்ல. உள்ளே ஓடியது கீமேன் என்கிற மூடிய மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மார்க் டர்டின் என்கிற இளைஞர் லாவோ மொழி தட்டுவதற்காக 1990-களில் செய்தது. கீமேன்காரர் மனம் மாறினால் கலப்பை நின்றுவிடும் என்கிற நிலை. அதனால்தான் எ-கலப்பையின் மூன்றாம் பதிப்பைச் சொந்தக் கொழுவோடு, பொது உரிமத்தில் செய்தார்கள்.

அப்புறம் 2015-இல் கீமேனையே ஒருவர் வாங்கினார். எஸ்ஐஎல் என்கிற, லாபநோக்கு இல்லாத மொழியியல் அமைப்பு. வாங்கி என்ன செய்தது? விலையை எடுத்துவிட்டது, நிரலையும் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது. செய்தவரையும் வேலைக்கு வைத்துக்கொண்டது. உலகத்தின் சின்னச் சின்ன மொழிகளை எழுத வைப்பதுதான் அவர்கள் வேலை. விசைப்பலகை பூட்டியிருந்தால் அவர்கள் வேலை நடக்காது. ஆகவே கம்பெனி வாங்கினாலே கேடு என்று கூச்சல் போடுகிறவனல்ல நான். வாங்குகிறவர் பிழைப்பு எதில் என்று பாருங்கள். ஆரக்கிளின் பிழைப்பு கடிதம் எழுதுவதில் இல்லை. எஸ்ஐஎல்லின் பிழைப்பு எழுத்தில் இருந்தது.

நம் ஊர் இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. பேஜ்மேக்கருக்கு மாற்றாக ஸ்கிரைபஸ் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. நெடுங்காலம் அதில் தமிழ் ஒழுங்காக வராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அதைச் சரிசெய்ய முன்னால் வந்தவர்கள் யார்? ஓமன் நாட்டு இளைஞர்கள்! அரபி எழுத்து சரியாக வரவேண்டும் என்று அவர்கள் உழைத்தார்கள், அந்த உழைப்பில் இந்திய எழுத்துகளுக்கும் வழி திறந்தது. ஓமன்காரர் எழுதிய நிரலில் நாளைக்குப் பரங்கிப்பேட்டைக் கல்யாணப் பத்திரிகை அச்சாகலாம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஆனால் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். தனிக்குடித்தனம் போகும் உரிமை தாளில் இருந்தால் போதுமா? போக ஆள் வேண்டாமா? லிப்ரேஆபீஸ்காரர்களிடம் ஆள் இருந்தது, எட்டு நாளில் பணமும் சேர்ந்தது. நாளைக்கே ஒரு தமிழ்ச் சொல்திருத்தி, ஒரு தமிழ் விசைப்பலகை விலைபோனால், நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நடத்த நம்மிடம் எத்தனை பேர்? எந்தத் தமிழ்த் திட்டத்தைத் திறந்தாலும் அதே நாலைந்து பெயர்கள்தான். 2012-இலிருந்து கணியம் இதழ் இதைத் தமிழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு வடக்கே புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் வாரம் தவறாமல் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்றுக்கொடுக்கும் குழுக்கள் இருக்கின்றன. விழுப்புரத்துப் பிள்ளைகளால் முடிவது சிதம்பரத்தில் ஏன் முடியாது? அண்ணாமலைப் பல்கலைக்கழகமே அங்கே இருக்கிறதே! 2013-இல் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. நிர்வாகம் கைமாறுவது எப்படி இருக்கும், ஊழியர்கள் எங்கெங்கே போனார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வகுப்பறையில் பாடம் நின்றதா? ஆசிரியரும் மாணவரும் இருந்தார்கள், பாடம் நடந்தது.

நேரமாகிவிட்டது, தொழுகைக்குப் போகிறவர்களை நான் நிறுத்திவைக்கக் கூடாது. மேடைக்குக் கீழே இரண்டு மடிக்கணினி வைத்திருக்கிறோம். இரண்டிலும் லிப்ரேஆபீஸும் ஸ்கிரைபஸும் இருக்கின்றன. அச்சகம் நடத்தும் அண்ணன்மார்கள் யாராவது, பழைய பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவரச் சொல்லியிருந்தோமே, கொண்டுவந்திருந்தால் முன்னால் வாருங்கள். உள்ளே இருக்கும் தமிழை யூனிகோடுக்கு மாற்றி, இன்று இரவே உங்கள் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.